கல்லும் லயமும்: முப்பரிமாண ஒளிப்படப் பதிவுகள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

சுவடிகளிலிருந்து நூல்களை அச்சேற்றிய நம் முன்னோர் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். பதிப்பாசிரியர் வாசகன் கையில் தருவது மூலத்தையன்று. மூலத்தைத் தாம் வாசித்த வாசிப்பையே. 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவர் வழிவந்தோரும் ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்க அரும்பாடுபட்டமை இவ்வுணர்வின் விளைவேயாம். பாடபேதம் என்ற சொல் நம் இலக்கியக் கல்வியில் நிலைபெற்றதும் இதனாலேயே.

தொல்லியலாளர் கையிலும் இன்று ஒரு புதிய பதிப்புக் கருவி வந்து சேர்ந்துள்ளது. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒளிப்படமெடுத்து, அப்படங்களைக் கொண்டே அதன் நீள அகல ஆழங்களைக் கணித்து, கணினித் திரையில் திருப்பியும் சுழற்றியும் பார்க்கத்தக்க உருவமாக அமைத்துவிடும் முறை அது. ஃபோட்டோகிராமெற்றி என மேனாட்டார் வழங்கும் இதனைத் தமிழில் ஒளிப்பட அளவையியல் எனலாம். இதன் விளைவுகளைக் கண்டு வியந்தோர் பலர். இதனை ஒரு பதிப்பாகக் கொண்டு, எந்த மூலம் தெரியப்பட்டது, எங்கே சிதைவு, எங்கே ஊகம் எனக் கேட்டோர் மிகச் சிலரே. இலக்கிய மாணவர் கேட்டுப் பழகிய இக்கேள்விகளை இத்துறையிலும் கேட்பது தகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஊவா மாகாணத்தைச் சார்ந்தவை. ஆயிரம் ஆண்டுக் கல்லும் நூறாண்டு லயமும் ஒரே மலைச்சாரலில் நிற்கும் மாகாணம் அது.

முதலில் முறையைச் சிறிது நோக்குவோம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் விரலைப் பார்த்து, பின் கண்ணை மாற்றிப் பார்த்தால் விரல் இடம்பெயர்ந்தது போலத் தோன்றும். அண்மையிலுள்ளது அதிகம் பெயரும். தொலைவிலுள்ளது குறைவாகப் பெயரும். இப்பெயர்ச்சியே ஆழத்தை அறிவதற்குரிய திறவுகோல். கமராவை இடம் மாற்றி எடுத்த இரு படங்களில் ஒரே புள்ளியை இனங்கண்டால், முக்கோணக் கணிதம் அப்புள்ளி வெளியில் எங்கே உள்ளதெனச் சொல்லிவிடும். இவ்வாறு இலட்சக்கணக்கான புள்ளிகளைக் கணினி இனங்காண்கிறது. புள்ளிகளை இணைத்து வலை பின்னுகிறது. வலையின்மேல் படங்களின் நிறத்தைப் போர்த்துகிறது. இதற்கு அடுத்தடுத்த இரு படங்கள் நூற்றுக்கு அறுபது பங்குக்குக் குறையாமல் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும். படங்கள் மாத்திரம் பொருளின் உருவைத் தருமேயன்றி அளவைத் தரா என்பதும் மனங்கொள்ளத்தக்கது. உள்ளங்கையளவு பிள்ளையாரும் குன்றளவு புத்தரும் அளவுகோல் வைக்கப்படாத படத்தில் கணினிக்கு ஒன்றே.

கருத்து பழையது. 1858இல் ஜேர்மனியின் வெற்ஸ்லார் தேவாலயத்தை ஏறி அளக்கப்போய் உயரத்திலிருந்து விழும் தறுவாயில் தப்பிய மைடன்பௌவர் என்ற கட்டடக்கலைஞர், கையால் அளப்பதற்குப் பதிலாகப் படத்தால் அளந்தாலென்ன எனச் சிந்தித்தார். அவர் இட்ட பெயர் 1867இல் அச்சேறியது. 1885இல் பேர்லினில் இதற்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை பயிரிட்டதும் அதே 1867இல் என்பது தற்செயலே. எனினும் நமது பொருளுக்கு அது முற்றிலும் புறம்பான செய்தியன்று. ஒரு புறத்தில் கட்டடங்களைப் பதிவு செய்யும் கலையும், மறுபுறத்தில் எவரும் பதிவு செய்ய எண்ணாத கட்டடங்களைப் பெருக்கிய தொழிலும் ஒரே ஆண்டில் பெயர் பெற்றன.

இனி ஊவாவுக்கு வருவோம். பதுளைப் பொது நூலக வளாகத்தில் நிற்கும் தூண் கல்வெட்டை அறியாதார் அந்நகரில் அரியர். மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர வாவிப் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொண்டுவரப்பட்ட இத்தூண், பத்தாம் நூற்றாண்டுச் சிங்கள மொழியில், நான்கு பக்கங்களிலும் இருநூறுக்கு மேற்பட்ட வரிகளைத் தாங்கியது. ஹோபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகர், மகியங்கனைக்கு வந்த மன்னனிடம் அதிகாரிகளின் முறைகேடான அறவீடுகள் பற்றி முறையிட, மன்னன் வகுத்த விதிகளே அதன் பொருள். சுங்கம் எங்கே அறவிடலாம், எங்கே கூடாது, சந்தையில் எவ்வாறு விற்கவேண்டும், எவ்வாறு நிறுக்கவேண்டும் என்பன அதில் பேசப்படுகின்றன. கொழுந்து மடுவத்துத் தராசின் முன் நின்று பழகிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்பொருள் அந்நியமாகத் தோன்றாது, அது நிற்க.

இக்கல்வெட்டைப் பதிப்பித்தவர் பேராசிரியர் செனரத் பரணவிதான. 'எபிகிராபியா செய்லனிக்கா'வின் மூன்றாம் தொகுதியில் ஒரு முறை பதிப்பித்த அவரே, பல்லாண்டுகளின் பின் ஐந்தாம் தொகுதியில் திருத்திய பாடத்தையும் மொழிபெயர்ப்பையும் மீண்டும் வெளியிட்டார். கல் மாறவில்லை, வாசித்தவரும் மாறவில்லை, வாசிப்பு மாறியது. தேய்ந்த எழுத்துகளைக் கொண்ட ஒரு கல் தனது வாசகத்தை ஒரே தடவையில் ஒப்படைத்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இத்தகைய கல்லுக்கு ஒளிப்பட அளவையியல் செய்யக்கூடிய தொண்டு பெரிது. ஈரத்தாளை ஒற்றி மையடித்துப் படியெடுக்கும் பழைய முறை எழுத்தின் ஓரங்களைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. அடிக்கடி ஒற்றினால் தளர்ந்த மேற்பரப்புக்குக் கேடும் விளையலாம். முப்பரிமாணப் பதிவிலோ கல்லைத் தொடாமலே எழுத்தின் ஆழத்தைப் பெறலாம். கணினியில் ஒரு விளக்கை ஏற்றி, அதனைத் தாழ்ந்த கோணத்தில் எத்திசையிலிருந்தும் பாய்ச்சலாம். மாலை வெயில் சாயும்போது மாத்திரம் தெரியும் ஒரு கீற்றை, கொழும்பிலோ பேராதனையிலோ இருந்து நள்ளிரவிலும் தேடலாம். அடுத்து வரும் வாசகர் பரணவிதானவின் வாசிப்போடு இணங்கவோ பிணங்கவோ அவர் கண்ட கல்லின் வடிவத்தையே ஆதாரமாகக் கொள்ளலாம்.

ஆயினும் இங்கேதான் விமர்சகன் விழித்திருக்க வேண்டும். திரையில் தோன்றும் அழகிய உருவத்தில் நாம் எழுத்துகளைக் காண்கிறோம். அவற்றை நமக்குக் காட்டுவது வடிவமா, அன்றி மேலே போர்த்திய நிறமா? தொலைவில் நின்று எடுத்த படங்களிலிருந்து பின்னிய வலை, இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழமான கீறலை உணரவே மாட்டாது. வழவழப்பான ஒரு பாளத்தை அது அமைத்துவிட்டு, அதன்மேல் எழுத்துகளின் நிழலைச் சாயம்போல ஒட்டிவிடும். பார்ப்பவன் கல்வெட்டைக் கண்டதாக எண்ணி மகிழ்வான். உண்மையில் அவன் கண்டது ஒரு தூணில் சுற்றிய ஒளிப்படத்தையே. நிறப் போர்வையை நீக்கிவிட்டுச் சாம்பல் நிற உருவத்தை மாத்திரம் காட்டுக எனக் கேட்பதே இதற்குரிய சோதனை. அப்போது எழுத்து மறையுமாயின் அப்பதிவு காட்சிப் பொருளாகுமேயன்றி ஆய்வுப் பொருளாகாது. கல்வெட்டுக்குத் தகுந்த பதிவு வேண்டின் அரை மீற்றர் தொலைவுக்குள் நின்று, நான்கு முகங்களையும் நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்தல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

இதனினும் பாரதூரமான குறையொன்றுண்டு. கல்வெட்டுப் பதிப்பாசிரியர் ஐயத்துக்குரிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவர். முற்றாக அழிந்த எழுத்துக்குப் புள்ளியிடுவர். அடைப்புக்குறி ஒரு சிறு அடையாளந்தான். ஆனால் பதிப்பாசிரியரின் நேர்மை முழுவதும் அதில் தங்கியுள்ளது. முப்பரிமாண உருவங்களில் அத்தகைய அடைப்புக்குறி வழக்கில் இல்லை. படம் எட்டாத இடத்தில் வலையில் ஓட்டை விழும். மென்பொருளோ ஒரு கட்டளையில் அதனைச் சுற்றுப்புறத்துக்கு இசைய மூடிவிடும். மூடிய இடமும் அளந்த இடமும் பார்ப்பவன் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஊகத்தை மூலத்தோடு கலந்து, குறிப்பும் இடாமல் அச்சேற்றும் பதிப்பாசிரியனை நாம் என்ன சொல்வோமோ அதனையே இங்கும் சொல்லவேண்டும். ஓட்டையை ஓட்டையாகவே விடுதல், அன்றேல் மூடிய பகுதியை வேறு நிறத்தால் காட்டுதல், இத்துறையினர் கைக்கொள்ள வேண்டிய முதல் ஒழுக்கமாகும்.

வெல்லவாயாவுக்கு அண்மையிலுள்ள புதுருவகலைக்குச் சென்றோர் அங்குள்ள பாறை முகத்தை மறக்கமாட்டார். ஏறத்தாழ 15 மீற்றர் உயரமான புத்தர் நடுவே நிற்க, இருமருங்கும் மும்மூன்றாக மகாயான மரபுக்குரிய உருவங்கள் நிற்கின்றன. அவலோகிதேசுவரர் எனக் கொள்ளப்படும் உருவில் வெண்சுதையின் எச்சம் இன்றும் தெரிகிறது. தரையில் நின்று எத்தனை படம் எடுத்தாலும் தோள்களின் மேற்புறமும் மகுடங்களின் உச்சியும் அகப்படா. அவையே மழைநீர் முதலில் தங்கும் இடங்கள், ஆகவே முதலில் சிதையும் இடங்கள். பறக்கும் கமராவும் அதற்கான அனுமதியும் இன்றி எடுக்கும் பதிவு, சிலையின் நோயுற்ற பகுதியைத் தவிர்த்து நலமான பகுதியை மாத்திரம் காட்டுவதாக முடியும். அதேவேளை, இவ்வாண்டும் ஐந்தாண்டு கழித்தும் முறையாக எடுத்த இரு பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழித்துப் பார்த்தால், சுதை எவ்வளவு உதிர்ந்தது, பாறை எங்கே பெயர்ந்தது என்பதை எண்ணிக்கையாகவே பெறலாம். கண்ணால் பார்த்து 'சற்றுத் தேய்ந்துள்ளது' என எழுதும் அறிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

பதுளை - பண்டாரவளை வீதியிலுள்ள தோவா விகாரையின் புத்தர் உருவம் வேறொரு சிக்கலைத் தருகிறது. அது முற்றுப்பெறாத சிற்பம். கரடாக விடப்பட்ட பாறை எது, செதுக்கியபின் தேய்ந்த பாறை எது என்பதைக் கணினி அறியாது; உளியின் தடத்தை அறிந்த கண்ணே அதனைச் சொல்லவேண்டும். மாலிகாவிலையில் பல காலம் வீழ்ந்து கிடந்து, 1991இல் மீண்டும் நிறுத்தப்பட்ட, 11 மீற்றருக்கு மேல் உயரமான புத்தர் சிலையும், துண்டு துண்டாக உடைந்து கிடந்து பின் இணைக்கப்பட்ட தம்பேகொடைப் போதிசத்துவர் சிலையும் இம்முறையின் பயனை எண்ணிப் பார்க்கத் தூண்டுவன. பெரும் பாரமுள்ள துண்டுகளைக் கயிறும் கப்பியும் கொண்டு தூக்கிப் பொருத்திப் பார்ப்பதற்கு முன்னர், அவற்றின் உருவங்களைத் திரையில் நூறு விதமாகப் பொருத்திப் பார்க்க இன்று இயலும். தவறினால் நொறுங்குவது எதுவுமில்லை.

இதுவரை நோக்கியவை அனைத்தும் சட்டம் தொல்பொருளென ஏற்றுக்கொண்டவை. பதிப்பின் முதற்கேள்வி எந்த நூலைப் பதிப்பிப்பது என்பதன்றோ? அக்கேள்வியை இங்கு கேட்டவுடன் ஓர் ஆண்டு குறுக்கே வந்து நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டது என்ற எல்லையை வகுத்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்ற நாள் அது. பிற்காலக் கட்டடங்களையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாப்புக்குள் கொண்டுவர வழியுண்டு. அவ்வழியால் பல கட்டடங்கள் பயன்பெற்றுமுள்ளன. ஆயினும் 1815க்கு முந்திய கல்லுக்கு உரிமையாகக் கிடைப்பது, பிந்திய சுவருக்கு வேண்டிப் பெறும் சலுகையாகவே அமைகிறது. கோப்பித் தோட்டங்களும், அவற்றின்பின் தேயிலைத் தோட்டங்களும், அவற்றுக்கென இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் முழு வரலாறும் அந்த எல்லைக்கு இப்பால் நிகழ்ந்தவை. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகள் 2023இல் நாடெங்கும் நினைவுகூரப்பட்டன. அந்த இருநூறு ஆண்டுகளின் கட்டடச் சான்று யாது என வினவின், விடை லயமே.

லயத்தைத் தொல்பொருளாகக் கருதுவதா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, மேலே தகரக்கூரை. இவ்வாறு வரிசையாகவோ முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவோ அமைந்த இக்கட்டடத்தில் கலையழகு இல்லை என்பது உண்மையே. இது அடிமைநிலையின் சின்னம், இடிந்தொழிந்தால் நன்று என்போரின் வாதத்திலும் நியாயமுண்டு. மக்கள் லயத்திலிருந்து தனி வீட்டுக்குச் செல்லவேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை. செல்லாமலிருப்பதே நாட்டுக்கு இழுக்கு. அவ்வாறு சென்றபின் லயம் நில்லாது. அது நிற்கவேண்டும் எனக் கோருபவன், அதில் வாழாதவனாகவே இருப்பான். ஆகவேதான் இங்கே பதிவு என்பது பாதுகாப்புக்கு ஒரு துணையாக அமையாமல், பாதுகாப்பின் இடத்தையே பிடிக்கவேண்டியுள்ளது. புதுருவகலைப் பாறைக்குப் பதிவு கூடுதல் நன்மை. லயத்துக்கோ பதிவு ஒன்றே எஞ்சப்போவது. கம்பளைக்கு அண்மையில் ஒரு பழைய லயமே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக்கப்பட்டுள்ளமை பாராட்டுக்குரியது. ஆனால் எல்லா லயங்களையும் நூதனசாலையாக்க இயலாதென்பது வெளிப்படை.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கியபோது, பாடியவர் நாவிலிருந்து பாட்டு மறைவதற்கு முன் அதனை ஏட்டில் பிடித்தார். பாட்டுப் பிறந்த இஸ்தோப்பை எவரும் அவ்வாறு பிடிக்கவில்லை. பாட்டின் பொருளுக்கு அவ்விடம் உரை போன்றது. அடுப்புப் புகையால் கருமையேறிய சுவர், காம்பராவை இரண்டாக்கிய சாக்குத் தட்டி, கூரைக்குக் கீழே பலகை அடித்து எழுப்பிய பரண், பிள்ளை பிறக்கப் பிறக்க இஸ்தோப்பை அடைத்து உண்டாக்கிய அறை, இவை யாவும் அங்கு வாழ்ந்தோர் தமக்குத் தரப்பட்ட கட்டடத்தின்மீது எழுதிய திருத்தங்கள். தோட்ட நிருவாகத்தின் வரைபடத்தில் எல்லாக் காம்பராக்களும் ஒன்றே. ஒவ்வொன்றும் எவ்வாறு வேறுபட்டது என்பதைக் காட்டக்கூடியது அளவோடு கூடிய முப்பரிமாணப் பதிவு. லயத்தோடு பிரட்டுக்களமும், பீலிக்கரையும், பிள்ளைக் காம்பராவும், மரத்தடி மாடசாமியும், பெயர்ப்பலகையற்ற புதைகுழிகளும் சேரும். ஜே. பி. லூவிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகங்களின் பெருந்தொகுப்பில் ஐரோப்பியரின் கற்களே நிறைந்துள்ளன. தோட்டத்துப் புதைகுழி வாசகம் அற்றது. மண்மேடும் ஒரு கல்லுமே அதன் வாசகம். வடிவத்தைப் பதிவு செய்யும் ஒரு கருவி இல்லாமல் அதனை எங்ஙனம் தொகுப்பது?

காலம் தாழ்த்துவதற்கில்லை என்பதை மலையே உணர்த்தியுள்ளது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் சரிவு இறங்கி லயங்களை மக்களோடு மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களெங்கும் மண் சரிந்தது. உயிரிழப்பின் முன் கட்டடப் பதிவு பற்றிப் பேசுவது கூசத்தக்கதே. ஆயினும் ஓர் ஊர் மண்ணுள் போனபின், அங்கே யாருடைய வீடு எங்கிருந்தது என்ற கேள்வி உறவினருக்கும் எழும். நீதி கேட்போருக்கும் எழும்.

அழிந்ததை மீட்கப் படங்கள் எவ்வளவு உதவும் என்பதற்கு ஆப்கானிஸ்தானின் பாமியான் ஓர் உரைகல். 2001 மார்ச் மாதத்தில் தகர்க்கப்பட்ட பெரும் புத்தர் சிலையின் உருவத்தைச் சூரிச் தொழில்நுட்ப உயர்கழகத்தைச் சார்ந்த குரூன், ரெமொண்டினோ, ஷாங் ஆகியோர் பழைய படங்களிலிருந்து மீளக் கணித்தனர். ஒஸ்திரியரான கொஸ்ற்கா 1970இல் அளவைக் கமரா கொண்டு எடுத்த சில படங்கள் அவர்களுக்குக் கிட்டின. இணையத்தில் கிடந்த சுற்றுலாப் படங்களைக் கொண்டும் முயன்றனர். முன்னையவை ஆடை மடிப்பின் நுட்பத்தையும் தந்தன. பின்னையவை தந்த உருவம் கரடானதே. திட்டமிட்டு எடுத்த மூன்று படம், போகிறபோக்கில் எடுத்த பல படங்களினும் மேல் என்பது இதன் பாடம். எனினும் கரடான உருவமும் உருவமே. மலையகத்துக் குடும்பங்களிடம் திருமண, பூப்பு நீராட்டுப் படங்கள் உள்ளன. அவற்றின் பின்னணியில் லயத்தின் சுவரும் கூரையும் தெரிகின்றன. ஒரே நிகழ்ச்சியில் பல இடங்களில் நின்று எடுத்த படங்களாயின் அவற்றிலிருந்து முகப்பின் வடிவத்தைக் கணிக்கலாம். அளவுகோலையும் கூரையே தருகிறது: வழக்கமான நெளிதகரத்தில் ஒரு நெளிவின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 76 மில்லிமீற்றர். நெளிவுகளை எண்ணினால் சுவரின் நீளம் கிடைக்கும்.

ஊவாவிலே மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் கட்டடம் 1921ஆம் ஆண்டின் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமாகத்தான் இருக்கவேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2009இல் உரோமாபுரியின் கட்டடங்களைச் சுற்றுலாப் பயணிகளின் படங்களைக் கொண்டே மீளமைத்துக் காட்டினர். எவரும் முயன்றால் நமது பாலத்தையும் அவ்வாறு அமைத்துவிடலாம். எல்லாக் கோணமும் ஏற்கனவே எடுக்கப்பட்டாயிற்று. அதே பயணிகள் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் படமெடுக்கின்றனர். அப்படங்களில் அவள் முகமும் கூடையும் தெளிவாக இருக்கும். பின்னால் லயம் மங்கிக் கிடக்கும். படங்களின் எண்ணிக்கையை நம்பி வரலாற்றை விட்டுவைத்தால், விரும்பிப் பார்க்கப்பட்டவை மாத்திரமே மீளும்.

எனவே எடுப்பவன் யார், எடுத்தது யாருடையது என்ற வினா தவிர்க்கவியலாதது. பல்மைராவில் 2015இல் தகர்க்கப்பட்ட வெற்றி வளைவை, படங்களிலிருந்து கணித்துக் குறைந்த அளவில் எகிப்தியச் சலவைக்கல்லில் செதுக்கி, 2016 ஏப்ரலில் இலண்டன் திரஃபல்கார் சதுக்கத்தில் நிறுத்தினர். சிரிய மக்களின் துயரம் அங்கே ஒரு பின்னணியாயிற்று. முன்னணியில் நின்றது பொறியின் திறமை. லயத்துக்கும் இது நேரலாம். 1992 முதல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் உள்ளது; குடியிருப்பாளரிடம் சுவருக்கான உறுதிப்பத்திரம் இல்லை. சட்டப்படி அனுமதி தரவேண்டியவர் தோட்டத்துரையாக இருக்கலாம். நியாயப்படி அனுமதி தரவேண்டியவர் அந்த அடுப்பின் முன் அமர்ந்திருப்பவர். பாறைச் சிலையிலுள்ள வெடிப்பை உலகுக்குக் காட்டுவதில் எவர்க்கும் நாணமில்லை. ஒரு தாயின் காம்பராவுக்குள் தொங்கும் துணியை ஒவ்வோர் இழையாகத் திரையில் சுழற்றிக் காட்டுவது வேறு. படியொன்றை அவரிடமே கொடுத்து, எதைக் காட்டலாம், எதை நீக்கவேண்டும் என அவரே சொல்லும் ஏற்பாடு இல்லையெனின் உள்ளறையைப் பதிவு செய்யாது விடுவதே முறை.

செயல்முறைக்கு வருமிடத்து லயம் இக்கருவிக்கு எளிய பொருளன்று. புதிதாக வெள்ளையடித்த சுவரில் கணினி பற்றிக்கொள்ளப் புள்ளி கிடையாது. ஈரத் தகரம் ஒளியைத் தெறித்து ஏமாற்றும். கரியேறிய அடுப்படியில் ஒளியே போதாது. முக்காலியும் நீண்ட நேர ஒளிபடுத்தலும் வேண்டும். காற்றில் அசையும் தேயிலைச் செடி ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோரிடத்தில் நிற்கும். மூடுபனி இறங்கும் பிற்பகல்கள் பயனற்றவை. மெல்லிய மேகமூட்டமுள்ள முற்பகலே நிழலற்ற சீரான ஒளி தருவது. இவற்றையெல்லாம் கைத்தொலைபேசிக் கமராவும் ஓர் அளவுநாடாவும் கொண்ட நான்கு மாணவர் ஒரு விடுமுறையில் பழகிக்கொள்ளலாம்.

அவர்கள் பேணவேண்டியது திரையில் சுழலும் உருவத்தையன்று. அது பதிப்பு, மென்பொருள் மாறும்போது அதுவும் வழக்கொழியும். எடுத்த படங்களே ஏட்டுச்சுவடி. அவை சுருக்கப்படாமலும் அழகுபடுத்தப்படாமலும், எடுத்த நாள், எடுத்தவர் பெயர், அளவுகோல் வைத்த இடம் ஆகிய குறிப்புகளோடு ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கப்படல் வேண்டும். 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்றவை இதற்கும் இடம் தருமா எனக் கேட்டுப் பார்க்கத்தக்கது. பல்கலைக்கழக நூலகங்களும் கேட்கப்படவேண்டியவையே. குறிப்பேட்டில் நிருவாகம் இட்ட இலக்கத்தோடு, அங்கு வாழ்வோர் அந்த லயத்துக்கு வழங்கும் பெயரையும் எழுதவேண்டும். மேட்டு லயம், பணிய லயம், ஆலமரத்து லயம் என்பன எந்த வரைபடத்திலும் இல்லை. எந்தக் கமராவாலும் அவற்றைப் பிடிக்கவும் இயலாது.